இறக்கை முளைத்த அரசவை

1524-ஆம் ஆண்டில் பன்னிரண்டு துறவிகள் மெக்சிகோ நகருக்குள் நடந்து வந்தனர். கடற்கரையிலிருந்து அத்தனை தொலைவும் வெறுங்கால் நடை. உடலில் நைந்த அங்கி. வழியில் அவர்களைக் கண்ட மக்கள் 'மொத்தொலினியா, மொத்தொலினியா' என்று தமக்குள் பேசிக்கொண்டனர். அச்சொல்லுக்கு 'ஏழை' என்று பொருள் என அறிந்த தொரிபியோ என்னும் துறவி, அதனையே தம் பெயராக்கிக் கொண்டார். அவர்களை எதிர்கொண்டழைத்தவன் யார்? மண்டியிட்டு வணங்கி நின்றவன் யார்? மூன்றாண்டுகட்கு முன்னர், 1521 ஆகஸ்டு 13-ஆம் நாள், தெனோச்தித்லான் மாநகரை வீழ்த்திய எர்னான் கோர்த்தேஸ்! வாளேந்திய கை வணங்கிற்று. வறியவர் கை வாழ்த்திற்று. சூழநின்ற நாவா மக்களுக்கு அக்காட்சியின் பொருள் விளங்காமற் போயிருக்குமா?

அத்துறவிகளின் பயண வரலாற்றை நாம் இங்கு எழுதப் புகவில்லை. அவர்தம் மூட்டையிலிருந்து அவிழ்த்துக் காட்டப்பட்ட பண்டங்களுள் ஒன்றை மட்டும் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க விழைகின்றோம். வானதூதர் என்பது அப்பண்டத்தின் பெயர். மதமாற்ற வரலாறு எழுதுவோர் கடவுளைப் பற்றிப் பேசுவர். சாத்தானைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவர். இடையில் நிற்கும் இந்த இறக்கைக்காரரை நிறுத்தி, 'நீர் யார்? எவ்வூர்? யாருக்கு ஊழியம்?' என்று கேட்போர் சிலரே. கேட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடையோ சுவையானது, சற்றே கசப்பானதும்கூட.

நம்மிடம் உள்ள முதற்சான்று, 'உரையாடல்கள்' எனப் பொருள்படும் 'கொலோக்கியோஸ்' என்னும் நூல். பன்னிரு துறவிகளும் தோற்றுப்போன நாவாத் தலைவர்களும் பூசாரிகளும் 1524-இல் எதிரெதிர் அமர்ந்து வாதிட்டதாகச் சொல்லும் நூல் இது. எழுதப்பட்டதோ நாற்பதாண்டுகள் கழித்து, 1564-இல். எழுதுவித்தவர் பெர்னார்தினோ த சாகூன் என்னும் பிரான்சிஸ்குச் சபைத் துறவி. அவர் 1529-இல்தான் மெக்சிகோ மண்ணை மிதித்தவர். எனவே வாதம் நடந்தபோது அவர் அங்கில்லை. பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு, அன்தோனியோ வலேரியானோ, அலோன்சோ வெகெரானோ, மார்த்தின் ஹகோபித்தா, அந்திரேஸ் லெயோனார்தோ என்னும் நாவா அறிஞர் நால்வரைத் துணைக்கொண்டு, நாவாட்டில் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் அதனை அமைத்தார். ஆகவே இதனை நடந்தது நடந்தபடி எழுதிய குறிப்பேடாகக் கொள்ளுதல் பிழை. நடந்திருக்க வேண்டுமென ஒரு தரப்பார் விரும்பியதைச் செப்பம் செய்து நிறுத்திய நாடகமாகக் கொள்வதே முறை. அப்படிக் கொண்டு படித்தாலும், இல்லை, அப்படிக் கொண்டு படித்தால்தான், நூல் பல உண்மைகளைக் கக்குகிறது. கையெழுத்துப்படி வத்திக்கான் ஆவணக்களரியில் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1924-இல் அச்சேறியது. முதற்பகுதியின் முப்பது அதிகாரங்களில் எஞ்சியவை பதினான்கு.

நூலின் நடையோட்டத்தைக் கவனிக்க வேண்டும். துறவிகள் முதலில் பேசுகின்றனர்: உங்கள் தெய்வங்கள் தெய்வங்களல்ல, மெய்த்தெய்வத்தை அறிவிக்க வந்தோம் என்கின்றனர். நாவாப் பூசாரிகள் மறுமொழி உரைக்கின்றனர். அம்மறுமொழியே நூலின் உயிர்ப்பகுதி என்போம். பணிவான சொற்களில் தொடங்குகிறது; பணிவு குறையாமலே வாதம் வலுக்கிறது. எம் முன்னோர் இத்தெய்வங்களால் வாழ்கின்றோம் என்று எமக்குச் சொல்லிச் சென்றனர். மக்காச்சோளமும் அவரையும் கீரைவித்தும் அவர்கள் தந்தவை என்றனர். மழை அவர்களிடமிருந்து வருவதென்றனர். தூலாவிலும் தெயோத்திவாக்கானிலும் தமோவாஞ்சானிலும் என்றைக்கேனும் இவர்களை வணங்காதிருந்த காலம் உண்டா? ஆட்சியை இழந்தோம், அது போதாதா, இதையும் இழக்கவேண்டுமா? இதுவே அவர்கள் கேட்டதன் சாரம்.

இப்பூசாரிகளுக்காக வழக்காட நாம் வரவில்லை. 'முன்னோர் சொன்னார்' என்பது நமக்கு ஒரு வாதமே அன்று. நரபலிக் கல்லைக் கழுவித் துடைத்து வைத்திருந்த கைகளுக்கு மாலை சூட்டும் எண்ணமும் நமக்கில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. பழமையைச் சான்றாக வைத்துக் கேட்ட கேள்வி. அதற்குத் துறவிகள் என்ன விடை இறுத்தனர் என்பதைப் பார்க்கும் உரிமை, படிப்பவர்க்கு உண்டல்லவா?

அவர்கள் வானதூதர் கதையைச் சொன்னார்கள்!

வானத்தின் உச்சியில் ஒளிமயமான உலகம், அங்கே கடவுள் எண்ணிலடங்கா வானதூதரைப் படைத்தார், அவருள் அழகிலும் அறிவிலும் தலைசிறந்த லூசிஃபர் செருக்குற்றான், மிக்கேல் தலைமையில் நல்லோர் ஒருபுறம், லூசிஃபர் தலைமையில் தீயோர் மறுபுறம், வானிலே போர், தோற்றவர் கீழே தள்ளப்பட்டனர். தள்ளுண்டவர் எங்கே போயினர்? இங்குதான் கதையின் கொக்கி இருக்கிறது. அவர்களே நீங்கள் வணங்கும் தெஸ்காத்லிபோக்கா, அவர்களே ஹுய்ட்சிலோபோச்ட்லி, அவர்களே உங்கள் மழைத் தெய்வம், மற்றெல்லாத் தெய்வங்களும்!

சூழ்ச்சியைப் பாருங்கள். 'எங்கள் வழிபாடு பழமையானது' என்றான் தோற்றவன். 'உன் பழமைக்கும் முந்தையது எங்கள் கதை. உலகம் தோன்றுமுன்னரே உன் தெய்வம் எங்கள் கடவுளிடம் தோற்றுவிட்டது' என்றான் வென்றவன். 1521-இல் ஏரிக்கரையில் நிகழ்ந்த தோல்வி, ஆதியில் வானத்தில் நிகழ்ந்த தோல்வியின் எதிரொலியாகிவிட்டது. மனிதன் மனிதனை வென்ற கதைக்கு வானத்திலிருந்தே ஒரு முன்னுரை எழுதியாயிற்று. இனி, தோற்றவன் யாரிடம் முறையிடுவான்?

அக்கதைக்காவது வேர் உறுதியானதா? விவிலியத்தைப் புரட்டி இக்கதையை இதே வரிசையில் காட்டுமாறு எந்த அறிஞரையும் கேட்கலாம், காட்ட இயலாது. ஏசாயா நூலின் 14-ஆம் அதிகாரம், பாபிலோன் மன்னனின் வீழ்ச்சியைப் பழித்துரைக்கும் பகுதி. அங்கே மன்னனை விடிவெள்ளிக்கு ஒப்பிட்டு இகழ்ந்த சொல், இலத்தீனில் 'லூசிஃபர்' ஆயிற்று. பின்வந்த திருச்சபைத் தந்தையர் அச்சொல்லுக்கு உயிர்கொடுத்து ஆளாக்கினர். திருவெளிப்பாட்டின் 12-ஆம் அதிகாரத்தில் வரும் வானப்போர், இதனோடு ஒட்டுப்போடப்பட்டது. தூதர்க்கு ஒன்பது படிநிலை வகுத்துத் தந்தவரோ இன்னும் வேடிக்கையானவர். பவுலடியாரின் ஏதென்சு நகரச் சீடர் தியோனீசியுஸ் என்று தம்மைச் சொல்லிக்கொண்டு, ஏறத்தாழ கி.பி. 500-இல் எழுதியவர் அவர். ஐந்நூறாண்டு வயதைத் திருடிக்கொண்ட ஆசிரியர்! இப்பெயர் மோசடியைப் பற்றி இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா 15-ஆம் நூற்றாண்டிலேயே ஐயம் கிளப்பிவிட்டார். அதற்குப் பின்னர்தான் பன்னிரு துறவிகள் கப்பலேறினர். ஐரோப்பாவில் ஐயத்துக்கு உள்ளான சரக்கு, அட்லாண்டிக்கைக் கடந்ததும் ஐயமற்ற உண்மையாகிவிட்டது.

விடிவெள்ளி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நாவா மரபில் விடிவெள்ளி யார் தெரியுமா? கெட்சல்கோவாத்தல். கீழ்க்கடற்கரையில் தன்னைத்தானே எரித்துக்கொண்டான். அவன் நெஞ்சு எழுந்து வெள்ளியாயிற்று என்று குவாவுத்தித்லான் ஆண்டுக்குறிப்பு நூல் சொல்கிறது. ஒருவர் வானில் வீழ்ச்சியின் சின்னம், இன்னொருவர் வானில் எழுச்சியின் சின்னம். ஒரே கோள்தான், அது யாருடைய கதையையும் அறியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பகுத்தறிவாளர் கருத்தூன்றிப் பார்க்கவேண்டிய இடம் இனித்தான் வருகிறது. துறவிகள் நாவா மக்களிடம், 'உங்கள் தெய்வங்கள் இல்லாதவை, வெறுங்கல், கற்பனை' என்று சொல்லி நிறுத்தியிருந்தால், அதில் பாதி அறிவாவது இருந்திருக்கும். கல்லும் மரமும் என்று இடையிடையே ஏளனம் செய்ததும் உண்டு. ஆனால் வானதூதர் கதை அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. தெஸ்காத்லிபோக்கா இருக்கிறான்; மெய்யாகவே இருக்கிறான்; வலிமையோடு இருக்கிறான்; உன்னை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறான்; இரவில் உன் வீட்டு வாயிலில் நிற்கிறான் என்கிறது! பழைய தெய்வத்தை ஒழிக்க வந்தவர்கள் அதற்குச் சாவில்லாப் பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டனர். நேற்றுவரை மழையும் தந்து பிணியும் தந்த தெய்வம், இன்று பிணி மட்டும் தரும் பேயாயிற்று. அச்சம் குறைந்ததா? இல்லை. நன்றி போயிற்று; அச்சம் நின்றது. மூடநம்பிக்கையை மூடநம்பிக்கையால் வெட்ட முனைவோர்க்கு எந்நாளும் நேரும் கதிதான் இது. வெட்டுப்பட்டது இரண்டாகி வளரும்.

சொல்லாராய்ச்சிக்கு வருவோம். கிரேக்கத்தில் 'ஆங்கெலொஸ்' என்றால் தூது செல்பவன், அவ்வளவே. எபிரேயச் சொல்லும் அப்பொருளதே. நாவாட்டிலில் தூதனுக்குச் சொல் இல்லையா? 'தித்லான்ட்லி' என்னும் சொல் இருந்தது. மொலினா துறவி 1571-இல் வெளியிட்ட பேரகராதியிலேயே இடம்பெற்றிருக்கிறது. அரசர்க்கு அரசர் தூதனுப்பிய நாடு அது. தூதனை அறியாத மக்களல்லர். இருந்தும் துறவிகள் அச்சொல்லைத் தீண்டவில்லை. ஸ்பானியச் சொல்லை அப்படியே நட்டு, நாவாட்டில் பன்மை விகுதியைச் சேர்த்து 'ஆங்கெலோமே' என்றனர்.

தீயவனுக்கு என்ன செய்தனர்? 'தியாப்லோ' என்னும் ஸ்பானியச் சொல்லை ஓரோவிடத்து வழங்கினும், பெருவழக்காக எடுத்துக்கொண்டது 'திலாக்காதெகோலோத்' என்னும் நாட்டுச் சொல். 'மனித ஆந்தை' என்பது அதன் நேர்ப்பொருள். நாவா வழக்கில் அது இரவில் உருமாறிச் சென்று பிறர்க்குக் கேடு சூழும் சூனியக்காரனைக் குறித்தது. அண்டத்தையே எதிர்த்து நிற்கும் பெரும்பகைவனை அன்று. கதிரவன் அணையும் நாளில் இறங்கி வந்து மக்களை விழுங்கும் என்று அஞ்சப்பட்ட விண்மீன் உருவங்களான 'சிட்சிமிமே' என்பாரையும் இழுத்து வந்து வீழ்ந்த தூதர் பட்டியலில் சேர்த்தனர். நரகத்துக்கு 'மிக்தலான்' என்று பெயரிட்டனர். அதுவோ இறந்தோரில் பெரும்பாலோர், நல்லார் தீயார் வேறுபாடின்றிச் சென்றடையும் இடம். நோயால் இறந்த பாட்டியும் அங்கேதான் போனாள். ஒரே இரவில் பாட்டியின் இருப்பிடம் நரகமாயிற்று! லூயீஸ் பர்க்கார்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர், 1989-இல் வெளியிட்ட 'வழுக்கும் நிலம்' என்னும் பொருள்தரும் பெயருடைய நூலில், இச்சொற்கள் இருதரப்பிலும் எவ்வெவ்வாறு வழுக்கி விழுந்தன என்பதை அரிய உழைப்போடு ஆராய்ந்திருக்கிறார். அந்நூலை ஆங்கிலம் அறிந்த தோழர்கள் தேடிப் படிக்கவேண்டும்.

ஆக, நல்லவனுக்குக் கடல்கடந்த சொல், தீயவனுக்கு உள்ளூர்ச் சொல். பேசப் பழகும் குழந்தைகூட, நன்மை அயலிலிருந்து வருவது, தீமை வீட்டில் பிறப்பது என்று மொழியோடு சேர்த்தே கற்றுக்கொள்ளும். துறவிகள் திட்டமிட்டே இதைச் செய்தனர் என்று நாம் சாற்றவில்லை. பழந்தெய்வம் சொல்லுக்குள் ஒளிந்து நுழைந்துவிடுமோ என்னும் அச்சமே அவர்களை ஸ்பானியச் சொல்லை நாடவைத்தது. ஆனால் அவ்வச்சமும் ஒருபடித்தாக இல்லை. அருகும் சூழலும் ஆள்பவன் என்னும் பொருளுடைய 'திலோக்கே நாவாக்கே' என்பது தெஸ்காத்லிபோக்காவின் பட்டப்பெயர். அதைக் கிறித்துவக் கடவுளுக்குச் சூட்டினர். பேயென்று இகழ்ந்தவனின் பட்டத்தைப் பறித்துக் கடவுளுக்கு அணிவித்தவர்கள், தூதன் என்ற எளிய சொல்லுக்கு அஞ்சியது வியப்பன்றோ! இதே நூற்றாண்டில் தமிழிலும் இச்சிக்கல் எழுந்தது. 1578-இல் கொல்லத்தில் அண்ட்ரீக்கே அண்ட்ரீக்கஸ் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' கடவுளுக்குத் 'தம்பிரான்' என்னும் நாட்டுச் சொல்லை எடுத்தாண்டது. கத்தோலிக்கத் தமிழர் நாவில் 'சம்மனசு' நெடுங்காலம் வழங்கிப் பின்னரே 'வானதூதர்' நிலைபெற்றது. அது தனி ஆராய்ச்சி, இங்கு விரிக்கவில்லை.

இனி, அத்தூதர் எப்படிப்பட்டவராகக் காட்டப்பட்டனர்? அரண்மனைப் பெருமக்களாக. வானம் ஓர் அரசவை, நடுவே அரியணை, படிப்படியாகச் சூழ நிற்போர், உயர்ந்தோர் அருகில், தாழ்ந்தோர் அகல. நாவாச் சமுதாயத்திலும் 'பிபில்தின்' எனப்பட்ட பெருமக்கள் இருந்தனர்; 'மாசெவால்தின்' எனப்பட்ட உழைப்பாளர் இருந்தனர். ஸ்பானியர் வந்தபின் மாசெவால்தின் தோளில் வரிச்சுமையோடு கோயில் கட்டும் கற்சுமையும் ஏறிற்று. மெக்சிகோ நகரைத் திரும்பக் கட்டிய வேலையை, எகிப்தின் வாதைகளுக்கு ஒப்பான பத்து வாதைகளுள் ஒன்றென எழுதிவைத்தவர் வேறு யாருமல்லர்; 'ஏழை' என்று பெயர் பூண்ட அதே மொத்தொலினியா. அவர் நெஞ்சு இரங்கியது உண்மை. ஆனால் அவர் கற்பித்த வானத்தில் மாசெவால்தினுக்கு நிகரானவர் யார்? சுமை தூக்கியவன் அண்ணாந்து பார்த்தால் அங்கேயும் பெருமக்களே நின்றனர், இறக்கையோடு! பெருமக்கள் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, இலத்தீனும் அளவைநூலும் கற்பிக்க, திலாத்தெலோல்கோவில் 1536 சனவரி 6-இல் கல்லூரி திறந்தவர்களுக்கு இவ்வானம் பொருத்தமாகவே இருந்திருக்கும்.

கேட்டு அறிவதைவிடக் கண்டு மயங்குவது எளிது என்பதைத் துறவிகள் நன்குணர்ந்தனர். நாடகம் வந்தது. 1530-களின் இறுதியில் திலாஸ்கலாவில் ஆடப்பட்ட ஆதாம் ஏவாள் நாடகத்தை மொத்தொலினியா மகிழ்ச்சி பொங்க விவரிக்கிறார். மேடை முழுதும் மரங்கள், மலர்கள், கனிகள், உயிருள்ள பறவைகள், விலங்குகள். நடிகர் அனைவரும் நாவா மக்கள், பேச்சும் அவர்கள் மொழியே. ஆதாமும் ஏவாளும் பூந்தோட்டத்திலிருந்து துரத்தப்படுகின்றனர். காண்போர் கண்ணீர் விடுகின்றனர். பிறகு வானதூதர் வந்து ஆதாமுக்கு நிலத்தை உழுது பயிரிடும் முறையைக் காட்டுகின்றனர். ஏவாளுக்கு நூற்கும் கதிரைக் கொடுத்து ஆடை நெய்யப் பணிக்கின்றனர். ஆறுதல் கூறிப் பாடியவாறே அகல்கின்றனர்.

இக்காட்சியை விட்டு எளிதில் நகர நமக்கு மனமில்லை. மேடையின் முன் அமர்ந்திருந்தவர் யார்? புல்லாய்க் கிடந்த ஒரு செடியைப் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்து தேர்ந்து வளர்த்து மக்காச்சோளக் கதிராக்கிய மக்களின் வழிவந்தவர். ஏரியின் நடுவே சேற்றையும் செடியையும் அடுக்கிச் 'சினாம்பா' என்னும் தோட்டம் அமைத்துப் பயிரிட்டவர்களின் அண்டைநாட்டார். பெண் குழந்தை பிறந்தவுடன் அதன் கையருகே நூற்கதிர் வைத்த மரபினர். அவர்கள் முன்னே, நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய இறக்கைக்காரர், உழவையும் நெசவையும் சொல்லிக்கொடுக்கிறார்! உழவனின் அறிவு உழவனுடையது அன்று, வானிலிருந்து இரங்கி இட்ட பிச்சை என்று நாடகம் சொல்கிறது. அழுதவர்கள் எதற்காக அழுதனர்? ஆதாமின் பாவத்துக்காக என்று கொள்ளலாம். நல்ல நிலத்திலிருந்து துரத்தப்பட்ட இருவரைக் கண்டு, நிலத்தை இழந்துகொண்டிருந்த ஒரு மக்கள் கூட்டம் அழுதது என்று எழுதவும் இடமுண்டு.

1539-இல் அதே திலாஸ்கலாவில் 'எருசலேம் வெற்றி' என்னும் பெருங்கூத்து. படைகளாக நூற்றுக்கணக்கானோர், ஒரு புறம் ஸ்பெயின் படையும் புதிய ஸ்பெயினின் நாவாப் படையும், மறுபுறம் சுல்தானின் படை. நடித்தவர் எல்லாரும் உள்ளூர் மக்களே. போர் முடிவெய்தாமல் இழுபறியாகும்போது மிக்கேல் தூதர் கோட்டையின் மீது தோன்றிப் பேசுகிறார். முற்றுகையிடப்பட்டோர் அஞ்சிப் பணிந்து திருமுழுக்குக் கேட்கின்றனர். அப்புறம் நடந்ததுதான் நாடக வரலாற்றில் அரிது: தோற்றோராக நடித்தவர் பலருக்கு மேடையிலேயே உண்மையாகத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது! நடிப்பு எங்கே முடிந்தது, நடப்பு எங்கே தொடங்கிற்று? இக்கூத்தில் இன்னொரு குறும்பும் உண்டு. தோற்றுப் பணியும் சுல்தான் வேடத்துக்கு வைத்த பெயர், மார்க்கேஸ் தெல் வாயே எர்னான் கோர்த்தேஸ். யார் வைத்த குறும்பு என்பதில் அறிஞர்கள் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். திலாஸ்கலா மக்கள் கோர்த்தேசின் நட்புப்படையாய் நின்று குருதி சிந்தியவர்கள். கொடுத்த வாக்குறுதிகளின் நிலை என்ன என்பதை அவர்கள் அறிவார்கள். நாம் அவர்கள் பக்கமே இக்குறும்பைச் சாய்த்து எண்ணுகின்றோம்.

அந்த 1539-ஆம் ஆண்டு மிகப் பெரிய ஆண்டு. அவ்வாண்டிலேதான் மெக்சிகோ நகரில் பெத்ரோ த காந்தேயின் மேற்பார்வையில் நாவா இறகுக் கலைஞர்கள், வண்ணப் பறவையிறகுகளை ஒட்டி 'புனித கிரகோரியின் திருப்பலி' என்னும் ஓவியத்தைப் போப்பாண்டவர் மூன்றாம் பவுலுக்கென்று படைத்தனர்; இன்றும் அது பிரான்சின் ஓஷ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாவா மக்களும் மனிதர்களே என்று 1537-இல் ஆணையிட்ட போப்பாண்டவருக்கு, மனிதர்களின் கை செய்து அனுப்பிய மறுமொழி! அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், தெஸ்கோக்கோ அரசமரபினரான டான் கார்லோஸ் ஒமேதோச்சின், முதல் ஆயர் சுமாரகாவின் மதவிசாரணைத் தீர்ப்பின்படி எரிக்கப்பட்டார். அவர் செய்த குற்றம்? சாட்சிகள் சொன்னவற்றுள் ஒன்று இது: பிரான்சிஸ்கர் ஒருவகை உடுத்துகின்றனர், டொமினிக்கர் ஒருவகை, அகஸ்தீனியர் ஒருவகை, அவரவர்க்கு அவரவர் முறை இருக்கும்போது எம் முன்னோர் முறை எமக்கு ஏன் ஆகாது என்று பேசினாராம். ஒப்பிட்டுப் பார்த்துப் பேசிய ஒரு மனிதரைக் காக்க வானிலிருந்து எந்த மிக்கேலும் இறங்கி வரவில்லை. ஸ்பெயினிலிருந்த மேலிடத்தார்க்கே அத்தீர்ப்பு மிகையாகப்பட்டு, சுமாரகாவைக் கண்டித்தனர் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இதுவரை கடிந்தே எழுதினோம். இனி எடுக்கப்போகும் நூலை அவ்வாறு எழுத இயலவில்லை. 1583-இல் பெத்ரோ ஒச்சார்த்தே அச்சிட்ட 'சால்மோடியா கிறிஸ்தியானா'. சாகூனின் எழுத்துகளுள் அவர் வாழ்நாளில் அச்சேறியது இது ஒன்றே. ஆண்டின் திருநாள்களுக்கெல்லாம் நாவாட்டிலில் பாடியாடுவதற்குரிய பாடல்கள். மக்கள் தம் வீடுகளில் பழம்பாடல்களுக்கே திரும்புகின்றனர், அவற்றை விரட்டப் புதுப்பாடல் வேண்டும் என்று முகவுரையில் சாகூன் காரணம் கூறுகிறார். பழையதை விரட்ட வந்த நூல்! பாடல் அமைத்த கைகளோ நாவாக் கைகள். விளைவு என்ன? வானதூதர் பாட்டுக்குள் நுழைந்ததும் அரசவை உருமாறுகிறது. அங்கே கெட்சல் பறவையின் பச்சை இறகு ஒளிர்கிறது, பச்சைக்கல் மின்னுகிறது, மலர் மழையாகப் பொழிகிறது, விலைமதிப்பற்ற பறவைகளோடு பறவைகளாகத் தூதர் பாடுகின்றனர்.

இப்பறவைகள் எங்கிருந்து வந்தவை? சாகூனே தொகுத்த பெருநூலின் மூன்றாம் பகுதியில் விடை கிடைக்கிறது. போரில் மாண்ட வீரரும் பலியிடப்பட்டோரும் கதிரவனின் இல்லம் சேர்வர். நான்காண்டு அவனோடு நடந்தபின் தேன்சிட்டாக, வண்ணப்பறவையாக, வண்ணத்துப்பூச்சியாக மாறி மலர்த்தேன் உண்பர் என்பது நாவாக் கொள்கை. 1521-இல் தெனோச்தித்லான் தெருக்களில் மாண்டவரெல்லாம், நாவாக் கணக்கின்படி, பறவைகளாயினர். கிறித்துவத் திருநாளில், துறவியின் இசைவோடு, கோயில் முற்றத்தில் அப்பறவைகள் திரும்பிவந்து பாடின என்றால், கேட்டவர்க்கு அது யாருடைய குரலாகக் கேட்டிருக்கும்? பாடலமைத்தோர் அறிந்தே செய்தனரா, மொழியின் பழக்கம் தானே செய்துகொண்டதா என்று பிரித்தறிதல் அரிது. நமக்கு எந்தப் பறவையும் வேண்டாம். செத்தவர் சிட்டாவதும் இல்லை, தூதராவதும் இல்லை. ஆனால் இலக்கியமாக நிறுத்துப் பார்க்கையில் 'உரையாடல்க'ளின் தூதர் பகுதி வரண்ட கட்டளை. 'சால்மோடியா'வின் தூதர் பகுதி உயிருள்ள தமக்கே உரிய பாட்டு. கட்டளையைத் துறவி எழுதுவித்தார். பாட்டை அடக்கப்பட்ட மொழி தானே எழுதிக்கொண்டது.

அம்மொழி பேசியோர் தொகையோ ஆண்டுக்காண்டு தேய்ந்தது. 1520-இல் பெரியம்மை. 1545-இல் வந்த கொள்ளைநோயில் திலாத்தெலோல்கோவில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உடல்களைத் தாமே அடக்கம் செய்ததாகச் சாகூன் எழுதுகிறார். 1576-இல் மீண்டும் பெருங்கொள்ளைநோய். ஒவ்வொருவர்க்கும் ஒரு காவல்தூதர் உண்டென்று கற்பித்த நாட்டில் இவ்வளவும் நடந்தது. அதற்கு மறுவாண்டே, 1577-இல், நாட்டுமக்களின் பழைய வழக்கங்களைப் பற்றி எவரும் எழுதலாகாது என்று இரண்டாம் பிலிப் மன்னன் ஆணையிட்டு, சாகூனின் ஏடுகளைப் பறிக்கச் செய்தான்.

கல்லூரியில் படித்த இளைஞர்களைப் பற்றி ஒன்று. வானத்தின் படிநிலைகளை நாவாட்டிலில் ஆக்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். மண்ணில் அவர்களுக்கு எந்தப் படி கிடைத்தது? 1555-இல் மெக்சிகோவில் கூடிய திருச்சபை மாமன்றம், நாட்டுமக்களுக்கும் கலப்பினத்தார்க்கும் குருப்பட்டம் அளிக்கலாகாது என்று விதித்தது. 'உரையாடல்கள்' நூலை உருவாக்கிய நால்வருள் முதல்வர் அசுகபோசால்கோ ஊர் வலேரியானோ, அவர் 1573 முதல் இருபதாண்டுகட்கு மேல் மெக்சிகோ நகர நாவா மக்களின் ஆளுநராயிருந்தார், 1605-இல் மறைந்தார். மறு ஆண்டில் வெளிவந்த சொற்பொழிவுத் தொகுதியில், ஹுவான் பவுத்திஸ்தா என்னும் துறவி, முன்னேற்பாடின்றி வலேரியானோ இலத்தீன் பேசினால் சிசரோவே பேசுவதுபோல் இருக்கும் என்று புகழ்ந்து எழுதினார். துறவிகளுக்கு நாவாட்டில் கற்பித்தவரும், அவர்களின் மறையுரைகளைத் திருத்திக் கொடுத்தவரும் அவரே. அம்மறையுரைகளைப் பீடத்தில் நின்று உரைக்கும் குருவாக மட்டும் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.